கூலிக்குப் பிள்ளை பார்த்தல்

1871-இல் மான்செஸ்டர் நகரில் ஒரு சிறு வெளியீடு அச்சேறியது. குழந்தை மரணம், அதன் காரணங்கள், பரிகாரங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். பெண்களுக்குக் கேடு செய்யும் சட்டங்களைத் திருத்துவதற்கென்றே கூடிய ஒரு குழு அதை வெளியிட்டது. லிடியா பெக்கர், ஜோசஃபின் பட்லர், எலிசபெத் வுல்ஸ்டன்ஹோம் என்று அன்றைய இங்கிலாந்தில் பெண்ணுரிமைக்குப் போராடிய பெயர்கள் அந்தக் குழுவில் இருந்தன. கைக்குழந்தைகளின் உயிரைக் காப்பதற்காக நாடாளுமன்றத்துக்கு வந்த ஒரு மசோதாவை எதிர்க்கத்தான் அதை எழுதினார்கள். படித்த, பொதுநலம் கருதிய பெண்களே குழந்தைகளைக் காக்கும் சட்டம் வேண்டாம் என்றார்களா என்று இன்று படிப்பவருக்குத் திகைப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. பிறர் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழிலை இங்கிலாந்து அரசு சீர்திருத்த முனைந்தபோதெல்லாம், 2013 வரையிலும் அதற்குப் பிறகும், எதிர்த்தவர்களின் பேச்சைச் சலித்துப் பார்த்தால் அடியில் தங்குவது அதே கேள்விதான்: இந்தக் காவலுக்கு ஆகும் செலவு யார் தலையில்? சட்டங்கள் அந்தத் தொழிலை அடையாளம் கண்டதே கூலி கைமாறுகிறது என்பதை வைத்துத்தான். அந்தக் கூலி போதுமா, அதை யார் தருவது என்பதை மட்டும் அவை விசாரிக்கவில்லை.

மசோதா வந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 1860-களில் செய்தித்தாள்களில் ஒரு வகை விளம்பரம் வழக்கமாக வரும். நல்ல குடும்பம், குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்ளத் தயார், கட்டணம் இவ்வளவு பவுண்டு. திருமணமாகாத தாய்மார்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், பிள்ளையோடு எங்கும் வேலை கிடைக்காதவர்கள் மொத்தப் பணத்தைக் கொடுத்துக் குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். பணத்தை வாங்கியவருக்குக் குழந்தை எவ்வளவு சீக்கிரம் சாகிறதோ அவ்வளவு லாபம். இதற்குக் ‘குழந்தைப் பண்ணை’ என்று பெயர் விழுந்தது. எர்னஸ்ட் ஹார்ட் ஆசிரியராக இருந்த பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 1868-இல் இதைத் துப்பறிந்து வெளியிட்டது. லண்டன் பிரிக்ஸ்டன் பகுதியில் இந்தத் தொழிலை நடத்திய மார்கரெட் வாட்டர்ஸ் என்பவர் 1870 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அபின் கலந்த மருந்து கொடுத்துக் குழந்தைகளை மயக்கத்திலேயே வைத்திருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. நாடு கொதித்தது. சால்ஃபோர்டு தொகுதி உறுப்பினர் வில்லியம் சார்லி மசோதா கொண்டுவந்தார். காசு வாங்கிக் குழந்தை பார்ப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்பது அதன் சாரம்.

பெக்கரும் தோழியரும் கொலைகாரர்களுக்காக வாதாடவில்லை. மான்செஸ்டரைச் சுற்றியிருந்த பஞ்சாலை ஊர்களை அவர்கள் அறிவார்கள். அங்கே விடியலில் ஆலைச் சங்கு ஊதுவதற்குள், பக்கத்துத் தெருக் கிழவியிடமோ, பிள்ளை பெற்று வீட்டிலிருக்கும் அண்டை வீட்டுப் பெண்ணிடமோ குழந்தையை விட்டுவிட்டுத்தான் தாய் ஓட வேண்டும். பிரிக்ஸ்டன் கொலைகாரிக்காக எழுதிய சட்டம் இந்தக் கிழவியின் வாசலுக்கும் வரும், பதிவு, சான்று, அதிகாரி என்றதும் அவள் பிள்ளை பார்ப்பதை விட்டுவிடுவாள், விடாதவள் கூலியை ஏற்றுவாள், ஏற்றிய கூலியைக் கொடுக்க வேண்டியவள் ஆலையில் நூல் இழுக்கும் தாய் என்றார்கள். இரண்டாவதாக, குழந்தைகள் சாவதற்கு வேரே வேறிடத்தில் இருக்கிறது என்றார்கள். 1834-இன் ஏழைச் சட்டம் மணமாகாத தாயின் பிள்ளைக்கு அவளையே முழுப் பொறுப்பாளி ஆக்கி, தகப்பனைத் தப்பவிட்டது. பத்தாண்டு கழித்துத் திருத்தியபோதும் அவனிடமிருந்து வாரத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸுக்கு மேல் வாங்க முடியாது. வளர்ப்பவருக்குக் கொடுக்கவே அது பற்றாது. மூன்றாவது காரணம் அச்சம். பாலியல் தொழில் செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்களைக் காவலரும் மருத்துவரும் கட்டாயப் பரிசோதனைக்கு இழுத்துப்போன சட்டங்கள் அப்போது நடப்பில் இருந்தன. அவற்றை எதிர்த்துப் பட்லர் போராடிக்கொண்டிருந்த காலம் அது. ஏழைப் பெண்ணின் வீட்டுக் கதவைத் திறக்கும் இன்னொரு சாவி ஆண் அதிகாரிகள் கையில் போகிறது என்று அவர்கள் கண்டதில் வியப்பில்லை.

எதிர்ப்பு பாதி வென்றது. நாடாளுமன்றத் தெரிவுக்குழு, பகலில் மட்டும் பிள்ளை பார்ப்பவர்களைச் சட்டம் தொட வேண்டாம் என்றது. 1872-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 1 வயதுக்குட்பட்ட ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து 24 மணி நேரத்துக்கு மேல் கூலிக்கு வைத்திருப்பவர் மட்டுமே பதிவு செய்ய வேண்டும். அதே ஆண்டு இன்னொரு சட்டம், தகப்பனிடம் பெறக்கூடிய வாரத் தொகையை 5 ஷில்லிங்காக உயர்த்தியது. எதிர்த்தவர்கள் காட்டிய வேரில் விழுந்த முதல் வெட்டு அது. ஆனாலும் அவர்கள் வென்ற பாதிக்கு ஒரு விலை இருந்தது. ஒரே ஒரு குழந்தை இருந்தால் பதிவு வேண்டாம் என்ற ஓட்டை வழியே தொழில் தொடர்ந்தது. 1896-இல் ரெடிங் நகரில் தேம்ஸ் ஆற்றிலிருந்து குழந்தைச் சடலங்கள் எடுக்கப்பட்டன. அமேலியா டையர் என்பவர் அந்த ஆண்டு ஜூனில் நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே சட்டம் 5 வயது வரை நீட்டப்பட்டது. 1908-இல் ஒற்றைக் குழந்தையும் உள்ளே வந்தது. பகல்நேரக் காவலும் பழுதற்றதாக இருக்கவில்லை. பஞ்சாலை ஊர்களில் பிள்ளை பார்த்த பெண்கள், அழும் குழந்தையைத் தூங்கவைக்கக் காட்ஃப்ரே கார்டியல் என்ற அபின் பாகைப் புகட்டுவது ஊரறிந்த வழக்கம். ஆகவே எதிர்த்தவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல நான் வரவில்லை. ஓட்டையை அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள்.

ஆனால் ஓட்டையை அடைத்த பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1872-இன் சட்டத்தை நடைமுறைப்படுத்த லண்டன் மாநகரில் நெடுங்காலம் ஒரே ஓர் ஆய்வாளர்தான். பல ஊர்களில் அதுவும் இல்லை. சட்டம் பதிவேட்டைத் திறந்தது, ஆனால் அதைப் பார்க்க ஆள் வைக்கப் பணம் ஒதுக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் கால்வாய்க்கு அப்பால் பிரான்சும் இதே புண்ணோடு போராடிக்கொண்டிருந்தது. அங்கே பாரிஸ் குழந்தைகளைக் கிராமத்துச் செவிலியர்களிடம் பாலூட்ட அனுப்புவது பெரிய தொழில். தியோஃபில் ரூசெல் என்ற மருத்துவர் முன்னின்று 1874 டிசம்பரில் கொண்டுவந்த சட்டம், கூலிக்கு வெளியே விடப்பட்ட 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரையும் அரசுக் கண்காணிப்பில் சேர்த்தது. பிரெஞ்சுச் சட்டமும் எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்துவிடவில்லை. இருந்தாலும் பிறர் பிள்ளை பார்ப்பது அரசின் பொறுப்போடு சேர்ந்த காரியம் என்ற எண்ணம் அங்கே அப்போதே ஊன்றிவிட்டது. இங்கிலாந்தில் அது காவல்துறைக் காரியமாகவே நெடுநாள் இருந்தது. பின்னால் வரும் வேறுபாடுகளுக்கு இந்த விதையே காரணம் என்று நினைக்கிறேன்.

பகல்நேரப் பிள்ளை பார்ப்போர் 1872-இல் தப்பியவர்கள். அவர்களைச் சட்டம் பிடித்தது 1948-இல். இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்டார்கள். உடனே அரசு செலவில் காப்பகங்கள் முளைத்தன. 1944-இல் பிரிட்டனில் சுமார் 1,500 போர்க்காலக் காப்பகங்கள் இருந்தன. போர் முடிந்ததும் ஆண்கள் திரும்பினார்கள். சிறு குழந்தையின் தாய்க்கு இடம் வீடுதான் என்று சுகாதார அமைச்சகம் 1945-இல் சுற்றறிக்கை விட்டது. மத்திய மானியம் வெட்டப்பட்டது, காப்பகங்கள் மூடத் தொடங்கின. தாய்மார்கள் எல்லாரும் வீடு திரும்பவில்லை, ஆலைகளும் அவர்களை விடவில்லை. பிள்ளைகள் மறுபடி பக்கத்து வீடுகளுக்குப் போயின. அப்போதுதான், காப்பகத்தை மூடிய அதே அரசு, பக்கத்து வீட்டைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் கொண்டுவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து 3 அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்குப் பகலில் பார்ப்பவர் உள்ளூர்ச் சுகாதார அதிகாரியிடம் பதிய வேண்டும். 1968-இல் அது ஒரு குழந்தைக்கே என்று ஆனது. பதிவு செய்தவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. பால் புட்டி இல்லை, கட்டில் இல்லை, பயிற்சி இல்லை, காசும் இல்லை. கிடைத்தது தீயணைப்புக்கும் கழிப்பறைக்குமான நிபந்தனைகள். பதியாமலிருப்பதே புத்திசாலித்தனம் என்று ஏழைப் பெண்கள் முடிவு செய்தார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த முடிவின் விளைவை 1970-களில் கண்ணால் பார்த்தவர் கல்வியாளர் பிரையன் ஜாக்சன். ஹடர்ஸ்ஃபீல்டு போன்ற வடக்குத் தொழில் நகரங்களில், குளிர்காலத்தில் இருள் பிரியும் முன்பே தெருவில் நின்று, போர்வையில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஓடும் தாய்மார் எந்த வாசலில் பிள்ளையை விடுகிறார்கள் என்று அவர் குழு கவனித்தது. விடியல் காவல் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பதிவேட்டில் இல்லாத வீடுகள் வரிசை வரிசையாகக் கண்ணில் பட்டன. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவற்றில் நிறைய. சில வீடுகளின் நிலை மனத்தைக் கலக்குவது. பொம்மை இல்லை, பேச்சு இல்லை, நாள் முழுக்க ஒரு நாற்காலி. ஜாக்சனும் சோனியா ஜாக்சனும் 1979-இல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்து, இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்ற முடிவுக்கு எளிதாக வந்திருக்கலாம். அவர்கள் வந்த முடிவு வேறு. அந்தப் பெண்களுக்கு உதவி, பயிற்சி, கருவிகள் தந்தால் அவர்களே நாட்டின் பெரிய சொத்து என்றார்கள். 1977-இல் பிள்ளை பார்ப்போருக்கான தேசியச் சங்கம் தோன்றியது. அதே 1977-இல் பிரான்ஸ், இந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டம் இயற்றி, செய்பவரைத் தொழிலாளியாக அங்கீகரித்து, சமூகப் பாதுகாப்பும் பெயரும் கொடுத்தது. இங்கிலாந்தில் பெண்கள் தாங்களே சங்கம் கூட்டிக்கொண்டார்கள், பிரான்சில் அரசு முன்வந்தது. ஒரே ஆண்டு, இரண்டு வழி.

இனி ஒரு நேர்மையான தடங்கல். கட்டுப்பாடு என்றாலே தொழில் சாகும் என்பது உண்மையல்ல. 1989-இன் குழந்தைகள் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் வந்து பார்க்கும் கடமையை விதித்தது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு மேல் கூடாது என்ற விகிதமும் அக்காலத்தில்தான் நிலைத்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் 1990-களின் நடுவில் இங்கிலாந்தில் பதிவு செய்த பிள்ளை பார்ப்பவர்கள் ஏறத்தாழ 1 லட்சம் பேர். வேலைக்குப் போகும் தாய்மார் பெருகியது ஒரு காரணம். வந்து பார்த்தவர் பக்கத்து ஊர் அலுவலர், ஆலோசனையும் சொல்வார், பொம்மை நூலகத்துக்கு வழியும் காட்டுவார் என்பது இன்னொன்று. எதிர்ப்புகள் எல்லாமே பிள்ளைகளின் நன்மைக்காக எழுந்தவை என்றும் சொல்ல முடியாது. 1994-இல் லண்டனின் சட்டன் பகுதியில் பிள்ளை பார்க்கும் ஒரு பெண், அடிக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுக்க மறுத்து, பதிவு மறுக்கப்பட்டு, நீதிமன்றம் போய் வென்றார். அந்த வெற்றியின் நிழல் 2001-இன் தேசிய விதிகளிலும் விழுந்தது. பெற்றோர் இசைந்தால் ஓர் அடி கொடுக்கலாம் என்று அவை விட்டுவைத்தன. பிள்ளை பார்ப்போர் சங்கமே இதை எதிர்த்தது. 2003-இல் அந்த அனுமதி நீங்கியது. பிள்ளையை அடிக்கும் உரிமைக்காகத் தொடுத்த வழக்கையும், பிள்ளையைப் பார்க்க வாழ்வதற்குப் போதுமான கூலி கேட்ட குரலையும் ஒரே மூட்டையில் கட்டுபவர்கள் இரண்டையும் புரிந்துகொள்ளாதவர்கள்.

திருப்பம் 2001 செப்டம்பரில் வந்தது. சுமார் 150 உள்ளாட்சி அமைப்புகளிடமிருந்து ஆய்வுப் பொறுப்பு, பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் கைக்குப் போனது. அலுவலரின் இடத்தில் ஆய்வாளர் வந்தார், ஆலோசனை இருந்த இடத்தில் தரக்குறியீடு வந்தது. 2008-இல், பிறந்த குழந்தை முதல் 5 வயது வரைக்குமான ஒரே பாடத்திட்டம் கட்டாயமானது. அதில் ஐந்து வயதுக்குள் பிள்ளை எட்ட வேண்டிய இலக்குகள் 69. அணையாடைப் பாடத்திட்டம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. பெரிய காப்பகத்தில் இதை எழுத ஒருவரை வைக்கலாம். மூன்று பிள்ளைகளோடு ஒற்றை ஆளாக இருக்கும் பெண், அவர்கள் தூங்கும் நேரத்திலோ, தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகு இரவிலோதான் எழுத வேண்டும். அந்த மணிக்குக் கூலி கிடையாது. இதைச் சொன்னபோது பழைய பதில்தான் வந்தது: தரம் வேண்டாமா? தரம் வேண்டும்தான். ஆனால் அந்தத் தரத்தை எழுதிக்காட்டும் நேரத்துக்குப் பணம் கொடுக்காமல் கேட்பது, வீட்டுக்காரியிடம் உலை வைக்கச் சொல்லி அரிசி கொடுக்காமலிருப்பது போல. அரசே பின்னால் இதை ஒப்புக்கொண்டது. கிளேர் டிக்கெல் தலைமையிலான மறுஆய்வுக்குப் பின் 2012-இல் 69 இலக்குகள் 17 ஆயின. அதற்குள் விட்டுப்போனவர்கள் திரும்பவில்லை.

‘கூலி’ என்ற சொல் எவ்வளவு தூரம் வழிதவறும் என்பதற்கு 2009-இல் ஒரு சம்பவம். பக்கிங்ஹாம்ஷயரில் ஒரே பணியைப் பகிர்ந்து செய்த பெண் காவலர் இருவர், ஒருவர் பணியிலிருக்கும்போது மற்றவர் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். காசு கைமாறவே இல்லை. ஆஃப்ஸ்டெட் வந்து, ஒருவர் உதவிக்கு மற்றவர் உதவி என்பதே ஒரு கைம்மாறுதான், ஆகவே இது பதிவு செய்யாத தொழில் என்றது. செய்தி வெளியானதும் ஊர் சிரித்தது, அமைச்சர் தலையிட்டு நண்பர்களுக்கிடையே இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கதையல்ல இது. 1872-இல் கொலைகாரியை அடையாளம் காண ஊன்றிய ‘கூலி’ என்ற குச்சி, 137 ஆண்டுகள் கழித்து இரண்டு காவலர்களின் நட்பைத் தட்டிப் பார்த்தது. கூலி உண்டா என்று அவ்வளவு நுணுக்கமாகத் தேடிய அதே அரசு, கூலி போதுமா என்று ஒரு நாளும் தேடவில்லை.

2013 ஜனவரியில் கல்வித்துறை இளநிலை அமைச்சர் லிஸ் டிரஸ் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பிரிட்டனில் குழந்தைக் காவல் செலவு உலகிலேயே கூடியவற்றில் ஒன்று, பிள்ளை பார்ப்பவர்கள் வேகமாகக் குறைகிறார்கள் என்று நோய்க்குறிகளை அவர் சரியாகவே எடுத்துரைத்தார். மருந்து இரண்டு. வீட்டில் பார்ப்பவர் 5 வயதுக்குட்பட்ட நால்வரை வைத்துக்கொள்ளலாம், 1 வயதுக்குட்பட்ட இருவர் அவர்களில் இருக்கலாம். அதுவரை மூவர்தான், அவர்களில் 1 வயதுக்குட்பட்டவர் ஒருவர்தான். காப்பகங்களிலும் 2 வயதுப் பிள்ளைகளை ஆளுக்கு 4-லிருந்து 6 ஆக்கலாம். இரண்டாவது, பிள்ளை பார்ப்பவர்களைச் சேர்த்துப் பயிற்சியும் ஆட்களும் தரும் முகவர் நிறுவனங்கள். அவற்றில் சேர்ந்தவர்களை ஆஃப்ஸ்டெட் ஒவ்வொருவராக ஆய்வு செய்யாது, நிறுவனத்தையே ஆய்வு செய்யும். எதிர்ப்பு நாடெங்கும் கிளம்பியது. முந்தைய ஆண்டு அரசே ஆய்வறிக்கை எழுதச் சொல்லியிருந்த பேராசிரியர் கேத்தி நட்பிரவுன் தன் பரிந்துரைகளுக்கு மாறாக இது நடக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். காப்பகங்கள், பெற்றோர், பிள்ளை பார்ப்பவர்கள் ஒரே பக்கம் நின்றார்கள். கூட்டணி அரசின் துணைப் பிரதமர் நிக் கிளெக் 2013 ஜூனில் விகித மாற்றத்தைத் தடுத்து நிறுத்தினார்.

எதிர்த்தவர்கள் மேல் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டு, தங்கள் பிழைப்புக்காகக் கத்துகிறார்கள் என்பது. 2013-இல் அது நொடியில் உடைந்துபோகிறது. நான்காவது பிள்ளை என்றால் பிள்ளை பார்ப்பவருக்கு வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சுயநலம் மட்டுமே அவர்களை நடத்தியிருந்தால் திட்டத்தைக் கைகூப்பி வரவேற்றிருக்க வேண்டும். அவர்கள் எதிர்த்தார்கள். இரண்டு கைக்குழந்தைகளையும் இரண்டு தவழும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சாலையைக் கடப்பது என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அரசு பார்த்த கணக்கு வேறு. செலவைக் குறைக்க வேண்டும், தன் கையிலிருந்து போடாமல் குறைக்க வேண்டும், ஆகவே ஒரே ஆள் இன்னும் ஒரு பிள்ளையைச் சுமக்கட்டும். 1871-இன் மசோதாவில் செலவு தாயின் தலையில் விழுந்தது. 2013-இல் அது பிள்ளை பார்ப்பவரின் இடுப்பில் ஏற்றப்பட்டது. பொறுப்பு இடம் மாறியதே தவிர, அரசின் வாசலுக்கு வரவில்லை.

முகவர் நிறுவனங்கள் மட்டும் தப்பித்து 2014-இன் சட்டத்தில் ஏறின. டச்சுக்காரர்களைப் பாருங்கள், அங்கே வீட்டுக் காவலுக்கு முகவர்கள் இருப்பதால் தொழில் தழைக்கிறது என்று டிரஸ் காட்டினார். நெதர்லாந்தின் கதையில் ஒரு பாதியை மட்டும் அவர் சொன்னார். அங்கே 2005-இன் சட்டம் முகவர்களை உருவாக்கியதோடு நிற்கவில்லை, பெற்றோர் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது. பாட்டிகளே முகவரிடம் பதிந்து பேரப்பிள்ளைகளைக் கூலிக்குப் பார்க்கும் அளவுக்கு அந்தப் பணம் பாய்ந்தது, செலவு கட்டுக்கடங்காமல் போய், 2010-இல் படிப்புத் தகுதியும் பதிவும் விதித்து அரசே இறுக்க வேண்டி வந்தது. தழைத்தது பணத்தால். முகவர் அந்தப் பணத்தின் வாய்க்கால் மட்டுமே. வாய்க்காலை வெட்டிவிட்டு ஆற்றை மறந்துபோன இங்கிலாந்தில், நிறுவனங்கள் கடையை விரித்தன, சேர ஆளில்லை. தன் பெயரில் தன் வீட்டுக்குக் கிடைத்த ஆஃப்ஸ்டெட் தரக்குறியீட்டை விட்டுவிட்டு, கட்டணம் கட்டி இன்னொருவர் பெயருக்குக் கீழே போக யாருக்கு ஆசை? சட்டம் வந்து பத்தாண்டை நெருங்கிய 2023-இலும் அந்த நிறுவனங்களின் எண்ணிக்கை பத்தைத் தொடவில்லை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. தொழில் சுருங்கியதற்குச் சீர்திருத்தங்களா காரணம்? 1998 முதல் நான்கு வயதினருக்கும், 2004 முதல் மூன்று வயதினருக்கும் வாரத்தில் சில மணி நேரம் இலவச முன்பள்ளி வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூட வகுப்புகளுக்குப் போனார்கள். வாடகை வீடுகள் பெருகி, வீட்டில் தொழில் செய்ய வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். பெண்களுக்கு வேறு வேலைகள் கிடைத்தன. எல்லாம் உண்மை, 1990-களுக்குப் பிறகு குறைந்துபோன சுமார் 70,000 பேரையும் ஆய்வுப் படிவம் ஒன்றே விரட்டியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிரான்சிலும் இலவச முன்பள்ளி உண்டு, மூன்று வயதில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள். அங்கே பிள்ளை பார்ப்பவர் கட்டாயப் பயிற்சி எடுக்க வேண்டும், வீட்டைக் காட்டி அனுமதி பெற வேண்டும். அவ்வளவு கெடுபிடியிலும், 1990-இல் அரசு இந்தத் தொழிலாளிக்கான சமூகப் பாதுகாப்புச் செலவைப் பெற்றோருக்காகத் தானே ஏற்றதும், அனுமதி பெற்றவர்களின் எண்ணிக்கை பத்தாண்டுக்குள் இரு மடங்கைத் தாண்டி 3 லட்சம் ஆனது. அண்மையில் அங்கேயும் முதியவர்கள் ஓய்வு பெறுவதால் எண்ணிக்கை இறங்குகிறது. ஆனால் எதிர்த்தவர்கள் 1871 முதல் சொல்லிவந்தது இதுதான் என்பதை 1990-இன் பிரான்ஸ் மெய்ப்பித்தது: கட்டுப்பாட்டோடு பணமும் வந்தால் தொழில் வளரும். கட்டுப்பாடு மட்டும் வந்தால் அது ஒளியும், அல்லது உலரும்.

இங்கிலாந்திலும் இப்போது பணம் வருகிறதே என்பார்கள். வருகிறது. இலவச மணிநேரங்களுக்கு அரசு கொடுக்கும் விகிதம் அவற்றை நடத்தும் செலவுக்குப் பற்றாது என்பது இந்தத் தொழிலின் நெடுநாள் புகார். 2006-இன் சட்டத்தின்படி அந்தப் பணத்தைத் தன் உறவினர் பிள்ளைக்காக வாங்கவும் முடியாது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் அரசு கூலி தரும், அண்ணன் பிள்ளையை அருகில் உட்கார வைத்து அதே சோற்றை ஊட்டினால் தராது. டச்சுப் பாட்டிகளின் கதை தெரிந்தவர் இந்த விதியில் ஒரு நியாயத்தைக் காணலாம், நானும் காண்கிறேன். ஆனால் மூன்று பிள்ளைகளுக்கு மட்டுமே இடமுள்ள ஒரு வீட்டில் அவர்களில் ஒன்று அக்காவின் மகன் என்றால், தொழிலின் மூன்றில் ஒரு பங்கு இலவசச் சேவை ஆகிவிடுகிறது. பெரிய காப்பகத்துக்கு எழுதிய விதியைச் சிறிய வீட்டில் பொருத்துகிறபோதெல்லாம் இப்படித்தான் ஆகிறது.

2024-இல் இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட்டிடம் பதிந்து பிள்ளை பார்ப்பவர்கள் 27,000 பேருக்கும் குறைவு. முகவர்களிடம் இருப்பவர்களைச் சேர்த்தாலும் 30,000-ஐ எட்டாது. 1990-களில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தச் சரிவை நிறுத்த 2023 வசந்தகால வரவு செலவு அறிக்கையில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு ஒரு முறை ஊக்கத்தொகை அறிவித்தார். தானே ஆஃப்ஸ்டெட்டில் பதிபவருக்கு 600 பவுண்டு, முகவர் நிறுவனத்தின் வழியாகப் பதிபவருக்கு 1,200 பவுண்டு. அதற்கு அடுத்த ஆண்டுக் கணக்கிலும் எண்ணிக்கை குறைந்துதான் இருந்தது.